ஒன்றரைப் படி டீசல்

பெட்ரோல் பங்கில் மண்ணுக்கடியில் படுத்துக் கிடக்கும் டீசல் டேங்கில், அடியிலிருந்து முதல் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு எத்தனை லிட்டர் பிடிக்கும்? ஏறக்குறைய 12. அதே டேங்கின் நடு உயரத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு 128 லிட்டர். பத்து மடங்குக்கும் மேலே.

நான் சொல்வது 2 மீட்டர் விட்டமும் 6.4 மீட்டர் நீளமும் உள்ள டேங்க். பங்கில் ‘இருபது கே.எல்.’ என்பார்கள், கிலோலிட்டர், ஆயிரம் லிட்டர் ஒரு கே.எல். விளிம்பு வரை நிறைத்தால் 20,106 லிட்டர். நிஜ டேங்கின் இரண்டு முனை மூடிகளும் கொஞ்சம் குவிந்திருக்கும். இங்கே தட்டை என்று வைத்துக்கொள்கிறேன். நான் பங்கில் வேலை பார்த்த காலத்து எண்கள் கையில் இல்லாததால், கீழே வருபவை எல்லாம் இந்தத் தட்டை மூடி டேங்குக்கு இப்போது உட்கார்ந்து போட்ட கணக்குகள்.

பி.காம். முடித்து வேறு வேலை கிடைக்காமல் திரிந்த காலத்தில், ஒரு பங்கில் கணக்கு எழுதப் போனேன். காலை ஆறு மணிக்கு முதல் வேலை டிப் பார்ப்பது. அளவு பொறித்த நீளமான டிப் ராடைத் துணியால் துடைத்து, நுனியில் வாட்டர் பேஸ்ட் தடவி, டேங்கின் டிப் பைப் வழியாக மெதுவாக இறக்கி, அடியில் தட்டியதும் தூக்கிவிட வேண்டும். பேஸ்ட் நிறம் மாறினால் அடியில் தண்ணீர் நிற்கிறது என்று அர்த்தம். ராடில் எது வரை நனைந்திருக்கிறதோ அதுதான் டிப். அந்த உயரத்தை டிப் சார்ட்டில் தேடினால் எதிரே லிட்டர் இருக்கும். நேற்றைய இருப்பு, வந்த லோடு, மீட்டரில் விற்றது எல்லாவற்றையும் அதோடு ஒத்துப் பார்க்க வேண்டும். டேங்க் பாதி இருக்கும்போது ராடில் ஒரு மில்லிமீட்டர் தப்பாகப் படித்தால் கணக்கில் 13 லிட்டர் போய்விடும். அதனால் மேனேஜர் அண்ணன் என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, ஒவ்வொரு நாளும் இரண்டு தடவை இறக்கச் சொல்வார்.

நான் சேர்ந்த வருஷ மழையில் அந்தச் சார்ட் போயிற்று. அறை ஒழுகி, மேசைமேல் இருந்த தாளில் தண்ணீரும் டீசல் கையும் பட்டு, பாதி வரிகள் கலங்கிவிட்டன. முதலாளி வீட்டு பீரோவில் இன்னொரு பிரதி இருக்கிறது, ஆனால் அவர் ஊரில் இல்லை. எனக்கு அப்போது எக்செல் தெரியும் என்ற திமிர் இருந்தது. “அண்ணே, சார்ட்டே வேணாம். நாலு நம்பர் இருந்தா போதும், மீதியைக் கம்ப்யூட்டர் சொல்லும்” என்றேன்.

அவர் நம்பவில்லை. ஆனாலும், “போடு தம்பி, பாக்கலாம்” என்றார்.

தெளிவாக இருந்த வரிகளிலிருந்து நான்கு புள்ளிகளை எடுத்தேன்: 0 செ.மீ. என்றால் 0 லிட்டர், 50 என்றால் 3,931, 150 என்றால் 16,175, 200 என்றால் 20,106. இரண்டு புள்ளி இருந்தால் ஒரு நேர்கோடு போதும். மூன்றுக்கு இருபடி. நான்கு புள்ளிகளையும் தொட்டுப் போக முப்படி வேண்டும். பத்தாம் வகுப்பில் பல்லுறுப்புக் கோவை என்று படித்ததெல்லாம் காரணிப்படுத்தி மார்க் வாங்கத்தான் என்று நினைத்திருந்தேன். இப்போது அது ஒரு வேலைக்கு வருகிறது. வரைபடத்தில் போக்குக்கோடு (டிரெண்ட்லைன்), படி 3 என்று கொடுத்ததும் எக்செல் ஒரு சூத்திரம் காட்டியது. உயரத்தை உ என்று வைத்தால்:

லிட்டர் = 42.09 உ + 0.8766 உ² − 0.0029 உ³

அழகான வளைவு. அடியில் மெதுவாக ஏறி, நடுவில் விறுவிறுவென்று போய், உச்சியில் மறுபடி அடங்கியது. படுத்த உருளை எப்படி நிறையுமோ அப்படியே. அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். சூத்திரத்தைத் தாளில் பெரிதாக எழுதி, கால்குலேட்டருக்குப் பக்கத்தில் ஒட்டினேன்.

முதல் அடி அன்றைக்கே விழுந்தது. மதியம் டிப் 150. நான் கொடுத்த புள்ளியே அது, 16,175 வர வேண்டும். கால்குலேட்டரில் தட்டினால் 74 லிட்டர் கூடுதலாக வந்தது. அரை மணி நேரம் மண்டையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் புரிந்தது: எக்செல் உள்ளே வைத்திருந்த கெழு 0.002922. படத்தின்மேல் இடத்துக்காகச் சுருக்கிக் காட்டியது 0.0029. வெறும் 0.000022 வித்தியாசம். ஆனால் அது பெருக்கப்படுவது 150-இன் முப்படியோடு, அதாவது 33,75,000-உடன். படி ஏற ஏற, கடைசி இலக்கத்தில் விட்ட சில்லறை ரூபாயாக வந்து நிற்கும். எக்செல்லில் போக்குக்கோட்டுச் சூத்திரத்தைக் கண்ணால் பார்த்து நகல் எடுக்கிறவர்கள் அனைவரும் ஒருநாள் இந்தக் குழியில் விழுவார்கள் என்றே நினைக்கிறேன். அந்த லேபிளின் எண் வடிவத்தை மாற்றி, தசம இடங்களைக் கூட்டிவிட்டு எடுக்க வேண்டும். சரி, அதைத் திருத்தினேன்.

திருத்திய பிறகு அது நன்றாகவே உழைத்தது. டிப் 100 என்றால் 10,053; சரி. 80 என்றால் சார்ட்டுக்கும் அதற்கும் 29 லிட்டர் வித்தியாசம், ராடில் இரண்டு மூன்று மில்லிமீட்டர். அதைவிடத் துல்லியமாக டிப் பார்க்கும் கை எங்கள் பங்கில் யாருக்கும் இல்லை.

அந்த 42.09, 0.8766 எல்லாம் என்ன என்று அண்ணன் ஒருநாள் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பல வருஷம் கழித்துத்தான் அது எவ்வளவு நல்ல கேள்வி என்று தெரிந்தது.

ஒரு டேங்கர் லாரி பிரேக் போட்டு நிற்கும் தூரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வேகம் வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று வைத்து, அதை வே என்று எழுதினால், நிற்கும் தூரம் = 1.5 வே + 0.1 வே². இதுவும் ஒரு பல்லுறுப்புக் கோவைதான், இருபடி. ஆனால் இங்கே ஒவ்வொரு எண்ணுக்கும் ஆள் இருக்கிறார். 1.5 என்பது எதிரே மாடு வந்ததைக் கண்டு டிரைவரின் கால் பிரேக்குக்குப் போக ஆகும் ஒன்றரை வினாடி. அதற்குள் வண்டி அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும், அதனால் அந்த உறுப்பு ஒன்றாம் படி. 0.1 என்பது பிரேக்: ஒவ்வொரு வினாடிக்கும் வேகம் 5 மீட்டர் குறையும் என்று வைத்தால், வேகத்தின் வர்க்கத்தை 10-ஆல் வகுக்க வேண்டும். மணிக்கு 40 கிலோமீட்டரில் வந்தால் மொத்தம் 29 மீட்டரில் நின்றுவிடும். 80-இல் வந்தால் 83 மீட்டர். டிரைவர் தூக்கக் கலக்கத்தில் இருந்தால் 1.5 கூடும். மழை பெய்தால் 0.1 கூடும். எந்த எண்ணைத் தொட்டால் எது மாறும் என்று சொல்ல முடிகிறது.

என்னுடைய 0.8766-க்கு அப்படி ஒரு ஆள் கிடையாது. நான்கு புள்ளிகளையும் தொடவைக்க அது தேவைப்பட்டது, அவ்வளவுதான். வேறு நான்கு புள்ளிகளை எடுத்திருந்தால் வேறு எண் வந்திருக்கும்.

பொருளின் வடிவமே மூன்றாம் படியைக் கையில் கொடுத்த கதை ஒன்று உண்டு. அதிலும் டிப் ராடு இருக்கிறது, அதனால்தான் எனக்கு அதன்மேல் தனிப் பாசம். 1613-இல், ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரத்தில் இருந்த வானியல் அறிஞர் ஜோஹன்னஸ் கெப்ளர் இரண்டாவது கல்யாணம் செய்துகொண்டார். வீட்டுக்கு ஒயின் பீப்பாய்கள் வாங்கினார். விற்க வந்தவர் பீப்பாயின் வயிற்று நடுவில் உள்ள துளை வழியாக ஒரு கோலைச் சாய்வாக விட்டு, எதிர் மூலையில் அடிப்பலகை தொடும் இடம் வரை நீட்டி, கோலின் அந்த நீளத்தைப் படித்து விலை சொன்னார். பீப்பாய் குட்டையா நெட்டையா என்றெல்லாம் பார்க்கவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே கோல், ஒரே கணக்கு. கிரகங்களின் பாதை நீள்வட்டம் என்று கண்டுபிடித்த மனிதருக்கு இது உறுத்தாமல் இருக்குமா? உட்கார்ந்து கணக்குப் போட்டார். 1615-இல் அது ஒயின் பீப்பாய்களின் கொள்ளளவைப் பற்றிய லத்தீன் நூலாகவே வெளிவந்தது.

பீப்பாயை வெறும் உருளை என்று எடுத்துக்கொண்டால் கணக்கு நம் கைக்கு எட்டும். கோல் காட்டிய அளவு 100 செ.மீ., பீப்பாயின் நீளம் நீ. துளையிலிருந்து அடிமூலை வரை போகும் கோல் கர்ணம். பாதி நீளம் ஒரு பக்கம், விட்டம் மறு பக்கம். பிதாகரஸ் விதிப்படி விட்டத்தின் வர்க்கம் 10,000 − நீ²/4. அதை உருளையின் கொள்ளளவுச் சூத்திரத்தில் போட்டால்:

கொள்ளளவு = 0.7854 × (10,000 நீ − நீ³/4)

முப்படி. யாரும் பொருத்தவில்லை, புள்ளி தேடவில்லை. நீளத்தால் ஒரு முறையும், விட்டத்துக்குள் ஒளிந்திருந்து இரண்டு முறையும் என்று நீ மூன்று தடவை பெருக்கப்படுவதால் தானாக வந்தது. இப்போது எண்களைப் போட்டுப் பாருங்கள் (0.7854 என்பது பையில் கால் பங்கு; வருவது கன சென்டிமீட்டர், ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர்). நீளம் 60 செ.மீ. உள்ள குட்டைப் பீப்பாய் 429 லிட்டர் பிடிக்கும். 170 செ.மீ. உள்ள நெட்டைப் பீப்பாய் 371 லிட்டர்தான். 115-க்கு 605, ஏறக்குறைய அதுதான் உச்சி. மூன்றிலும் கோல் காட்டுவது அதே 100. அப்படியென்றால் வியாபாரி ஏமாற்றினாரா? இல்லை. 105 செ.மீ. நீளத்துக்கு 597, 125-க்கு 598. உச்சிக்கு அருகில் பத்து சென்டிமீட்டர் அப்படி இப்படிப் போனாலும் எட்டு லிட்டர்கூடக் குறைவதில்லை. ஆஸ்திரியாவில் பீப்பாய் செய்தவர்கள் வழிவழியாக வைத்திருந்த விகிதம் இந்த உச்சிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது என்று கண்டு கெப்ளர் வியந்தார். உச்சிக்கு அருகில் மாற்றம் கண்ணுக்கே தெரியாது என்று அவர் எழுதிவைத்தது, நியூட்டனும் லைப்னிட்சும் நுண்கணிதத்தை உருவாக்குவதற்கு முன்பு. ஒயின்காரரின் கோல் ஆஸ்திரியப் பீப்பாய்க்குச் சரி. வேறு விகிதத்தில் பீப்பாய் செய்யும் ஊருக்கு அதே கோலைத் தூக்கிக்கொண்டு போனால்தான் தகராறு.

எனக்கு அந்தத் தகராறு ஒரு சனிக்கிழமை இரவில் வந்தது.

லோடு அன்று வரவில்லை. இண்டென்ட், அதாவது லோடுக்கான ஆர்டர், போட்டும் திங்கள்தான் என்று சொல்லிவிட்டார்கள். ஏழு மணிக்கு டிப் 15 செ.மீ. என் தாளின்படி 819 லிட்டர். குழாய் உறிஞ்ச முடியாமல் அடியில் தங்கிவிடும் இருப்பை, அதாவது டெட் ஸ்டாக்கை, அண்ணன் 376 என்று மனப்பாடமாக வைத்திருந்தார். கழித்தால் 443. “கல்யாண வண்டி ரெண்டு வருது தம்பி. ஆளுக்கு இருநூறு கேக்குறாங்க. குடுத்துடலாமா?” என்றார். “தாராளமா குடுக்கலாம்ணே, மிச்சமே நாப்பது இருக்கும்” என்றேன்.

முதல் பஸ் நிறைந்தது. இரண்டாவது பஸ்ஸில் 109 லிட்டர் போனதும் பம்ப் காற்றை இழுக்க ஆரம்பித்தது. நாசில் செருமியது, மீட்டர் துள்ளியது, நின்றது. உள்ளே பெண்வீட்டார் ஐம்பது பேர். டிரைவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. அண்ணன்தான் அடுத்த பங்குக்குப் போன் போட்டுச் சொல்லி, மன்னிப்புக் கேட்டு அனுப்பிவைத்தார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

முதலாளி வீட்டிலிருந்து பழைய பிரதி வந்ததும் 15-ஆம் வரியைப் பார்த்தேன். உண்மையான இருப்பு 685. என் சூத்திரம் 134 லிட்டர் அதிகம் சொல்லியிருக்கிறது. நடுவில் அவ்வளவு நேர்மையாக நடந்துகொண்ட அதே முப்படி, அடியில் இல்லாத டீசலை இருப்பதாகச் சொன்னது. முதல் சென்டிமீட்டரில் 12 லிட்டர் இருக்க வேண்டிய இடத்தில் அது 43 என்றது.

அடிப்பக்கம் ஏன் இப்படி? படுத்த உருளையின் அடியில் திரவம் ஏறும் விதம் தனி. உயரம் ஏறும்போது மேல்பரப்பின் அகலமும் விரிகிறது, ஆனால் உயரத்தின் வர்க்கமூல அளவுக்குத்தான். ஆகவே கொள்ளளவு உயரத்தோடு அதன் வர்க்கமூலத்தைப் பெருக்கிய அளவில் ஏறும். 1 செ.மீ.க்கு 12 லிட்டர் என்றால் 4 செ.மீ.க்கு நான்கு பெருக்கல் இரண்டு, எட்டு மடங்கு, 96. ஒன்றாம் படியாக ஏறியிருந்தால் 48 ஆகியிருக்கும். இரண்டாம் படி என்றால் 192. நிஜம் இரண்டுக்கும் இடையில், ஒன்றரைப் படி.

எங்கள் வீட்டில் பாட்டி அரிசியை ஒன்றரைப் படி அளந்து போட்டதுண்டு. படிக்கு மேல் அரைப்படி, கேள்வியே கிடையாது. ஆனால் பல்லுறுப்புக் கோவையின் வீட்டில் அரைப்படி இல்லை. உ, உ², உ³ என்று முழுப் படிகள் மட்டும்தான். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் அது ஒன்று உ போல நடக்கும், இல்லை உ² போல நடக்கும். ஒன்றரையாக நடக்க அதனால் ஆகாது. எத்தனை உறுப்பைச் சேர்த்தாலும் ஒப்பேற்றத்தான் முடியும்.

சேர்த்தும் பார்த்தேன். முழுச் சார்ட்டும் கைக்கு வந்துவிட்டதே. எக்செல் போக்குக்கோட்டில் ஆறாம் படி வரைக்கும் அனுமதி உண்டு. ஆறு போட்டேன். பிழை குறைந்தது, போகவில்லை. அப்புறம் பேராசை: படியை இன்னும் ஏற்றிக்கொண்டே போனால் என்ன?

கணிதத்தில் இந்தக் கேள்விக்கு இரண்டு பதில் இருக்கிறது, இரண்டும் ஜெர்மானியர்களிடமிருந்து. கார்ல் வையர்ஸ்ட்ராஸ் 1885-இல், எழுபதை ஒட்டிய வயதில், ஒன்றை நிரூபித்தார்: முனைகளோடு கூடிய ஒரு எல்லைக்குள் அறுபடாமல் ஓடும் எந்த வளைவையும், நாம் விரும்பும் அளவுக்கு நெருங்கி நிற்கும் பல்லுறுப்புக் கோவை ஒன்று கட்டாயம் இருக்கும். கேட்கத் தெம்பாக இருக்கிறது. 1901-இல் கார்ல் ருங்கே அதன் மறுபக்கத்தைக் காட்டினார். நடுவில் ஒரு மேடும் இரண்டு பக்கமும் சரிவும் உள்ள சாதாரண வளைவு: ஒன்றை, 1 + 25 அ²-ஆல் வகுத்தது, அ என்பது −1 முதல் 1 வரை. சம இடைவெளியில் 11 புள்ளி எடுத்து, எல்லாவற்றையும் தொடும் பத்தாம் படி கோவையைப் போட்டால், நடுவில் ஒட்டிப் போகிறது. ஓரத்தில், வளைவின் உயரம் 0.04 அளவுக்குத் தாழ்ந்து கிடக்கும் இடத்தில், கோவை 1.9-க்கு மேல் எகிறுகிறது. புள்ளியைக் கூட்டினால் குணமாகும் என்று பார்த்தால், கூட்டக் கூட்ட ஓரத்தில் ஆட்டம் பெருகுகிறது. நல்ல கோவை இருக்கிறது என்று வையர்ஸ்ட்ராஸ் சொன்னது சரி. சம இடைவெளியில் புள்ளி குத்தித் தேடினால் அது அகப்படும் என்று அவர் சொல்லவில்லை. புள்ளிகளை ஓரங்களில் நெருக்கமாகவும் நடுவில் அகலமாகவும் வைத்தால் ருங்கேயின் வளைவு அடங்கும். என் நான்கு புள்ளியிலும் 0-க்கு அடுத்தது 50. அடியில் 5, 10, 20 என்று ஒன்றுகூட எடுக்கவில்லை.

எல்லைக்கு வெளியே போனால் வேறு கூத்து. டேங்கின் உயரம் 200-தான் என்பது என் முப்படிக்குத் தெரியாது. 210 செ.மீ. என்று கொடுத்துப் பார்த்தேன்: 20,436 லிட்டர் என்றது, டேங்கே பிடிக்காத அளவு. 222-க்கு அருகில் உச்சி தொட்டுத் திரும்பியது. 350 கொடுத்தால் மைனஸ் 3,166. டேங்க் நமக்குக் கடன் கொடுக்க வேண்டும் போல. சிரிப்பு வந்தாலும், விற்பனையையோ விலையையோ நாலு வருஷக் கணக்கில் மூன்றாம் படி போட்டு ஐந்தாம் வருஷத்தை ஜோசியம் சொல்லும் ஸ்லைடுகளை நான் பிறகு வேலை பார்த்த இடங்களில் எத்தனையோ பார்த்துவிட்டேன். அங்கே யாரும் சிரிக்கவில்லை.

இந்த டேங்குக்குப் பொருத்தவே தேவையில்லாத சரியான சூத்திரம் உண்டு, தலைகீழ் கொசைனும் வர்க்கமூலமும் வரும். எக்செல்லில் ஒரே வரி. அன்றைக்கு எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் நிஜ டேங்கின் குவிந்த மூடிக்கும், மண்ணுக்குள் கொஞ்சம் சாய்த்துப் பதித்திருந்தால் அந்தச் சாய்வுக்கும் அது தனியாகத் திருத்தம் கேட்டிருக்கும். சார்ட்டில் எல்லாம் சேர்ந்தே வந்துவிடும்.

அண்ணன் பழைய பிரதியை இரண்டு ஜெராக்ஸ் எடுத்து லேமினேட் செய்தார். ஒன்று மேசைக் கண்ணாடிக்கு அடியில், ஒன்று பூட்டிய டிராயரில். என் தாளைக் கிழித்துப் போடப் போனேன். “இருக்கட்டும்டா, நடுவுல சீக்கிரம் சொல்லுதுல்ல” என்று தடுத்துவிட்டு, எங்கிருந்து எங்கே வரைக்கும் நம்பலாம் என்று கேட்டார். இரண்டையும் வரிவரியாக ஒத்துப் பார்த்தேன். 40-லிருந்து 160 வரை வித்தியாசம் எங்கேயும் 40 லிட்டரைத் தாண்டவில்லை. சொன்னேன். காதில் செருகியிருந்த பேனாவை எடுத்து, என் சூத்திரத்துக்கு மேலே அவரே எழுதினார்: ‘நாப்பதுக்குக் கீழ, நூத்தறுபதுக்கு மேல சார்ட் பாக்கவும்.’ நான் வேலையை விட்டு வந்த அன்றும் அந்தத் தாள் கால்குலேட்டர் பக்கத்தில்தான் ஒட்டியிருந்தது, டீசல் கை பட்டு மூலை மட்டும் கறுத்துப்போய்.